பழைய பிரெஞ்சு வெள்ளி: முத்திரைகளை வாசிப்பது எப்படி?

பழைய பிரெஞ்சு வெள்ளிக் கரண்டியின் காம்பைத் திருப்பிப் பார்த்தால் ‘ஸ்டெர்லிங்’ என்ற சொல் இருக்காது. ஸ்டெர்லிங் தரத்தை, அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளியை, குறிக்கும் 925 என்ற எண்ணும் இருக்காது. ஊர்ப் பெயர், ஆண்டு எதுவும் கண்ணில் படாது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் தலைக்கவசம் அணிந்த ஒரு பெண்ணின் தலை, பக்கத்தில் ஒரு சாய்சதுரம், அதற்குள் இரண்டு எழுத்துகள், நடுவே ஏதோ ஒரு சின்னம். இவ்வளவுதான் இருக்கும். ஆனால் அந்தப் பொருளின் காலம், மாற்று (வெள்ளியின் தூய்மை), செய்தவர் பெயர் மூன்றுமே இதற்குள் இருக்கின்றன.

இங்கிலாந்தின் முத்திரைகளைப் பார்த்துப் பழகியவர்கள் பிரெஞ்சு வெள்ளியில் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. அங்கே ஆண்டெழுத்து வரிசையாகப் போகிறது. அட்டவணையைப் பார்த்தால் ஆண்டு தெரிந்துவிடும். பிரான்சில் ஒவ்வொரு முத்திரையையும் ஒவ்வொரு கை போட்டது. செய்தவர் ஒன்று, பொற்கொல்லர் சங்கம் ஒன்று, வரிக் குத்தகைதாரர் (அரசுக்காக வரி வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர்) ஒன்று, பிற்காலத்தில் அரசு ஒன்று. தனியாக எடுத்தால் எந்த முத்திரையும் முழு விடை தராது. இவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் முழு வேலையும். ஒரு முத்திரை மற்றொன்றோடு முரண்பட்டால் அந்தப் பொருளை அங்கேயே கீழே வைத்துவிட்டு யோசிக்க வேண்டும்.

முதலில் வெளிக்கோடு

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நகைக்கடை லூப் கட்டாயம் வேண்டும். கைவிளக்கை மேலிருந்து அடிக்காமல், முத்திரைக்குப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். நிழல் விழுந்தால்தான் தேய்ந்த கோடு எழும்பித் தெரியும். அப்போதும் உள்ளே உள்ள படத்தைத் தேடாதீர்கள். படத்தைச் சுற்றியுள்ள வெளிக்கோட்டைப் பாருங்கள். தேய்மானத்தில் படம் முதலில் போகும். வெளிக்கோடு கடைசிவரை நிற்கும்.

நிமிர்ந்த சாய்சதுரம் என்றால் 1797-க்குப் பிந்தைய கைவினைஞரின் முத்திரை. பொருள் அசல் வெள்ளி அல்லது தங்கம். சதுரம் என்றால் முலாம் பூசியது. கிரீடமும் லில்லிப் பூவும் மேலே இருந்து, கீழே எழுத்துகள் தொங்கினால் 1789 பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய கைவினைஞர். மூலைகள் வெட்டுப்பட்ட எண்கோணத்துக்குள் தலை என்றால் 1838-க்குப் பிந்தைய மினெர்வா, அதாவது தலைக்கவசம் அணிந்த ரோமானியத் தேவதை. அன்னப்பறவை இருந்தால் அது பிரான்சில் செய்ததாக இருக்க வேண்டும் என்பதே இல்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

சாய்சதுரத்துக்கும் சதுரத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டமே வகுத்தது. புரட்சி அரசு கொண்டுவந்த குடியரசு நாள்காட்டியின் ஆறாம் ஆண்டு, ப்ருமேர் மாதம் 19, அதாவது 1797 நவம்பர் 9 அன்று வந்த சட்டம் அது. இன்றுவரை பிரெஞ்சு முத்திரை முறைக்கு அதுவே அடித்தளம். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே, முலாம் பூசிய கரண்டிக்கு வெள்ளி விலை கொடுக்கும் தவறில் பாதி நின்றுவிடும்.

மினெர்வாவும் அவளுக்குப் பின்னால் உள்ள பூச்சிகளும்

சந்தையில் கிடைக்கும் பழைய பிரெஞ்சு வெள்ளியில் பெரும்பகுதி 1838 மே 10-க்குப் பிந்தையது. அன்றுதான் மினெர்வா முத்திரை நடப்புக்கு வந்தது. அதற்கு முன் மாற்றுக்கு ஒரு முத்திரை, அரசு உத்தரவாதத்துக்கு வேறொரு முத்திரை என்று தனித்தனியாக அடித்தார்கள். மினெர்வா இரண்டையும் ஒன்றாக்கியது.

வலப்பக்கம் பார்க்கும் அந்தத் தலையில் எண் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். நெற்றிக்கு எதிரே 1 இருந்தால் முதல் தரம்: ஆயிரத்துக்கு 950 பங்கு வெள்ளி. தாடைக்குக் கீழே 2 இருந்தால் இரண்டாம் தரம்: 800. எண்ணே தேய்ந்து போயிருந்தாலும் அது எந்த இடத்தில் இருந்தது என்ற தடத்தைக் கொண்டே தரத்தைச் சொல்லலாம். இரண்டு தரத்துக்கும் வெளிக்கோட்டின் வடிவமும் வேறு. 950 என்பது ஸ்டெர்லிங்கைவிட உயர்ந்த மாற்று. ஆகவே ‘925 இல்லை, அதனால் மட்டமான வெள்ளி’ என்று நினைத்து ஒதுக்குவது தலைகீழான கணக்கு.

பாரிசுக்கு வெளியே உள்ள அலுவலகங்களும் இதே மினெர்வாவை அடித்தன. எந்த அலுவலகம் என்று காட்டத் தலைக்குப் பக்கத்தில் மிகச் சிறிய குறி ஒன்றைச் சேர்த்தார்கள். அதைப் படிக்க லூப் மட்டும் போதாது. நல்ல நெருக்கப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்போது கரண்டியைத் திருப்பி, மினெர்வா அடித்த இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே மிக நுண்ணிய கோடுகள், சில நல்ல பொருள்களில் ஒரு பூச்சியின் காலோ சிறகோ தெரியும். அலுவலகத்தில் பொருளை வைத்து அடிக்கும் எஃகுப் பட்டடையின் பரப்பு முழுவதும் பூச்சி உருவங்கள் செதுக்கப்பட்டிருந்தன. மேலே அச்சின் மீது சுத்தியல் விழும்போது, அதே அடியில் கீழ்ப்பக்கத்தில் பூச்சி பதிந்துவிடும். மினெர்வாவைப் போலியாகச் செதுக்குபவர் பட்டடையையும் செதுக்கியாக வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் விழவும் வேண்டும். கள்ள முத்திரைக்கு எதிராக மனிதர்கள் யோசித்த வழிகளில் இதைவிட அழகானது எதுவும் இல்லை என்றே சொல்வேன். கனமான பொருளில் இந்தப் பதிவு தெரியாமல் போகலாம். மெருகேற்றும்போது அழிந்தும் இருக்கலாம். ஆகவே அது இல்லை என்பதாலேயே பொருளைப் போலி என்று தள்ளக் கூடாது. இருந்தால் மட்டும் அது வலுவான சான்று.

மினெர்வா அடிக்க இடம் போதாத சிறு பொருள்களுக்கு வேறு இரண்டு உருவங்கள். பாரிசில் காட்டுப்பன்றித் தலை, மற்ற ஊர்களில் நண்டு. இரண்டும் 1838-இல் வந்தவை. பன்றித் தலை 1962-இல் நின்றது; அதன் பிறகு நண்டு மட்டும். இவை சொல்வது ‘குறைந்தது 800’ என்பதை மட்டுமே. அதே சிறு கரண்டி 950 வெள்ளியில் செய்யப்பட்டிருந்தாலும் முத்திரை அதைச் சொல்லாது. தேய்ந்த நிலையில் பன்றியும் நண்டும் ஒரே கட்டியாகத் தோன்றும். நண்டில் இரண்டு பக்கமும் சமமாக விரியும் கால்களைத் தேடுங்கள். பன்றித் தலை ஒரு பக்கமாக நீண்டிருக்கும்.

சேவலும் கிழவரும்

1798 முதல் 1838 வரையான நாற்பது ஆண்டுகளை விரைவாகத் தாண்டலாம். முதலில் சேவல்: 1798 முதல் 1809 வரை ஒரு சேவல், 1809 முதல் 1819 வரை வேறு வடிவில் இன்னொரு சேவல். 1819 முதல் 1838 வரை தாடி வைத்த கிழவரின் தலை. பொருளில் மூன்று முத்திரைகள் இருக்க வேண்டும்: செய்தவரின் சாய்சதுரம், மாற்றுக்கான சேவல் அல்லது கிழவர், அரசு உத்தரவாதத்துக்கான மற்றொரு தலை. மூன்றில் ஒன்று வேறு காலத்தைக் காட்டினால் காரணம் தேட வேண்டும். பழைய பொருளொன்று பிற்காலத்தில் மீண்டும் விற்பனைக்கு வந்தபோது புதிய முத்திரை வாங்கியிருக்கலாம். அது நேர்மையான காரணம். நேர்மையற்ற காரணங்களும் உண்டு.

1791-இல் பொற்கொல்லர் சங்கங்கள் கலைக்கப்பட்டன. புதிய சட்டம் வந்தது 1797-இல். நடுவில் உள்ள சில ஆண்டுகளில் ஒழுங்கான முத்திரை முறை இல்லை. அந்தக் காலத்துப் பொருள்களில் முத்திரை குறைவாக இருப்பது இயல்பு.

புரட்சிக்கு முன்: நான்கு முத்திரைகள், மூன்று கைகள்

பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸ் வெள்ளிதான் இந்தத் துறையின் மிகச் சுவையான பகுதி. விலையும் அங்கேதான் உச்சம், ஏமாற்றும் அங்கேதான் உச்சம்.

கைவினைஞர் பொருளை உருட்டிச் செப்பனிட்டு, வேலை முடியும் முன்பே தன் முத்திரையை அடிப்பார். பிறகு அது வரிக் குத்தகைதாரரின் அலுவலகத்துக்குப் போகும். அங்கே ‘இந்தப் பொருளுக்கு வரி உண்டு’ என்று பொறுப்புக் கட்டும் பெரிய முத்திரை விழும். பாரிசில் அது கிரீடத்துக்குக் கீழே A என்ற எழுத்து. குத்தகைதாரர் மாறும்போது A-யின் வடிவம் மாறும். அடுத்து சங்க மண்டபம். அங்கே சிறிது சுரண்டி எடுத்து, ஈயத்தோடு எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் புடமிட்டு மாற்றுப் பார்ப்பார்கள். தேறினால் அந்த ஆண்டுக்குரிய எழுத்தை, அதுவும் கிரீடத்தோடு, அடிப்பார்கள். தேறாவிட்டால் பொருளை உடைப்பார்கள். கடைசியில் மெருகும் வேலைப்பாடும் முடித்துக் கொண்டுவந்து வரியைக் கட்டினால், வரி தீர்ந்ததற்கான மிகச் சிறிய முத்திரை. அது பெரும்பாலும் ஒரு தலையோ விலங்கோ பறவையோ. இந்த வரி முறை 1672-இல் தொடங்கியது.

அளவு வேறுபாட்டுக்குக் காரணம் இந்த வரிசைதான். முதல் மூன்றும் முடிக்காத பொருளில் விழுந்தவை. அதனால் பெரியவை, பின்னால் சுத்தியல் பட்டுச் சற்றே நசுங்கியும் இருக்கும். கடைசியானது முடித்த பொருளில் விழுந்தது. வேலைப்பாட்டைக் கெடுக்காதிருக்கச் சிறியது, கூர்மையானது. ஒரு காபிக் குடுவையில் நான்கும் ஒரே கூர்மையில், ஒரே தேய்மானத்தில் பளபளவென்று நின்றால் சந்தேகப்படுங்கள்.

பாரிஸ் ஆண்டெழுத்தில் 23 எழுத்துகள் மட்டும். J, U, W கிடையாது. ஆண்டு ஜூலை வாக்கில் மாறும். 1741-இல் A தொடங்கி 1763-இல் Z-இல் முடிந்து, 1764-இல் மறுபடி A. இதனால் ஓர் எழுத்து ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளைக் காட்டும்.

கிரீடத்தோடு P என்ற எழுத்து கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் எண்ணினால் அது 1755–56. அடுத்த சுற்றில் 1778–79. இதோடு நிற்காது. 1784 முதல் 1789 வரை பாரிஸ் சங்கம் எழுத்து வரிசையை விட்டுவிட்டு, நிரந்தரமாக P என்றே வைத்து, அதோடு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களைச் சேர்த்தது. இதுவும் போதாதென்று, திஜோன் நகர நாணயச் சாலையின் எழுத்தும் P. அந்த ஊர் வரி முத்திரையில் அது வரும். ஆக ஒரே P நான்கு இடங்களுக்குக் கைகாட்டுகிறது.

இங்கேதான் குத்தகைதாரர் கைகொடுக்கிறார். குத்தகை ஏறக்குறைய ஆறாண்டுக்கு ஒருமுறை மாறியது. ழூலியேன் பெர்த் 1750 முதல் 1756, எலுவா பிரிஷார் 1756 முதல் 1762, ழான்-ழாக் பிரெவோ 1762 முதல் 1768, ழூலியேன் அலத்தேர் 1768 முதல் 1774, ழான்-பப்டிஸ்ட் ஃபுவாஷ் 1774 முதல் 1780, ஆன்ரி கிளவேல் 1780 முதல் 1789. ஒவ்வொருவரின் A-யும் தீர்வு முத்திரையும் வேறு வேறு. அட்டவணைகளில் படத்தோடு கிடைக்கின்றன. P-க்குப் பக்கத்தில் பெர்த்தின் A இருந்தால் 1755–56. ஃபுவாஷுடையது இருந்தால் 1778–79. கிளவேலுடையது இருந்தால் P-க்குள் இலக்கங்களைத் தேடுங்கள். பாரிசின் A எங்குமே இல்லாமல் பெரிய P மட்டும் வரி முத்திரையாக நின்றால் பாரிசை மறந்துவிட்டு திஜோனைப் பாருங்கள். பெர்த்தின் A-யோடு கிளவேலின் தீர்வு முத்திரை வந்தால், இரண்டு வேறு பொருள்கள் ஒன்றாகி இருக்கின்றன.

மற்றொரு குழப்பம்: 1741, 1764 ஆகிய ஆண்டுகளின் ஆண்டெழுத்தும் A, வரி முத்திரையும் A. இரண்டுக்கும் கிரீடம். அந்த ஆண்டுப் பொருளில் இரண்டு A இருக்கும். ஒன்றைத்தான் பார்த்தேன் என்றால் மற்றதை இன்னும் தேடவில்லை என்று பொருள்.

மாகாண நகரங்களில் வரி முத்திரைக்குப் பெரும்பாலும் அந்த ஊர் நாணயச் சாலையின் எழுத்தையே பயன்படுத்தினார்கள். ரூவானுக்கு B, லியோனுக்கு D, போர்தோவுக்கு K, துலூசுக்கு M, லீலுக்கு W, மெத்சுக்கு இரட்டை A. ஸ்த்ராஸ்பூர்க் தனி உலகம். ஜெர்மானிய மரபில் கிரீடத்துக்குக் கீழே 13 என்ற எண்ணும் லில்லிப் பூவும் அங்கே முத்திரை. பதினாறில் பதின்மூன்று பங்கு வெள்ளி என்பது பொருள். தங்க முலாம் பூசிய வெள்ளி வேலைக்கு அந்த ஊர் பேர்போனது. மாற்று பாரிசைவிடக் குறைவு. ஆனாலும் நல்ல ஸ்த்ராஸ்பூர்க் கிண்ணத்துக்குச் சேகரிப்பாளர்கள் போட்டி போடுவார்கள்.

தெனியே, கிரேன் என்பவை அக்கால மாற்று அளவுகள்; கலப்பில்லாத வெள்ளி 12 தெனியே. பாரிஸ் மாற்று அதில் 11 தெனியே 12 கிரேன். தெனியேவுக்கு 24 கிரேன் என்பதால் இது ஆயிரத்துக்கு 958. இரண்டு கிரேன் வரை குறைய அனுமதி உண்டு, அப்போது 951. இந்த இரண்டு கிரேன் சலுகைதான் கைவினைஞர் முத்திரையில் எழுத்துகளுக்கு மேலே இரண்டு புள்ளிகளாக நிற்கிறது. கிரீடம், லில்லி, இரண்டு புள்ளி, பெயரின் முதலெழுத்துகள், அவருக்கே உரிய சின்னம்: இந்த ஐந்தும் சேர்ந்ததுதான் புரட்சிக்கு முந்தைய பாரிஸ் கைவினைஞரின் முத்திரை. போலி செய்பவர்கள் அடிக்கடி கோட்டைவிடுவது அந்த இரண்டு புள்ளிகளில்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1689-லும் 1709-லும் போர்ச் செலவுக்காகப் பதினான்காம் லூயி வெள்ளிப் பாத்திரங்களை உருக்க வைத்தார். 1759-இல் பதினைந்தாம் லூயி காலத்தில் மறுபடி உருக்கினார்கள். புரட்சிக் காலத்தில் மிச்சமும் போயிற்று. 1700-க்கு முந்தைய பிரெஞ்சு வெள்ளி இவ்வளவு அரிதாக இருக்க இதுவே காரணம். ‘பதினான்காம் லூயி காலத்துப் பாரிஸ் தட்டு’ என்று ஒன்று மலிவாகக் கிடைத்தால் அது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய பாணியில் செய்த தட்டாக இருக்கும். அப்போது அதில் மினெர்வா இருக்கும். மினெர்வாவை யாராவது சுரண்டியிருந்தால் அந்த இடம் சற்றே குழிந்திருக்கும். விரல் நுனியே சொல்லிவிடும்.

செய்தவர் யார்?

முதலெழுத்துகள் மட்டும் போதாது. ஒரே முதலெழுத்துகளோடு பாரிசில் பலர் இருந்தார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது நடுவில் உள்ள சின்னம். அதனால்தான் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. அச்சு வெட்டியவுடன் அலுவலகத்தில் உள்ள செப்புத் தகட்டில் அடித்துப் பெயரோடு பதிவு செய்ய வேண்டும். இன்று நாம் பயன்படுத்தும் அட்டவணைகளுக்கு மூலம் இத்தகைய பதிவுகள்தாம்.

சில பெயர்களை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. தோமா ஜெர்மேன், அவர் மகன் பிரான்சுவா-தோமா ஜெர்மேன் இருவருக்கும் சின்னம் தங்கக் கம்பளி, அதாவது தொங்கும் ஆட்டுத் தோல். தந்தைக்கு TG, மகனுக்கு FTG. ரோபேர்-ஜோசெப் ஒகுஸ்த்: RJA, பனையோலைக் கீற்று. நெப்போலியனுக்குப் பயணப் பெட்டிகள் செய்துகொடுத்த மார்த்தேன்-கியோம் பியன்னே: B என்ற எழுத்தோடு குரங்கு. அவர் கடையின் பெயரே ஊதாக் குரங்கு. ழான்-பப்டிஸ்ட்-குளோத் ஓதியோ: JBCO, எண்ணெய் விளக்கு. எமில் புயிஃபோர்கா: EP, சிறு பேனாக்கத்தி.

இந்தக் கடைசிப் பெயரில் ஒரு வழக்கமான வழுக்கல் இருக்கிறது. நிறுவனம் கைமாறினாலும் அதே முத்திரையைத் தொடர்வது உண்டு. ழான் புயிஃபோர்கா 1920-களிலும் 30-களிலும் வடிவமைத்த ஆர்ட் டெக்கோ வெள்ளியில் EP-யும் பேனாக்கத்தியும் இருப்பதைக் கண்டு, எமில் காலத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொருள் என்று எழுதிவிடுகிறார்கள். கைவினைஞர் முத்திரையை மட்டும் வைத்துக் காலம் சொல்லக் கூடாது. பாணியையும் மினெர்வாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடிப்பாகத்தில் முழுப்பெயரும் ‘பாரிஸ்’ என்றும் பொறித்திருந்தால் அது விற்றவரின் பெயராகவும் இருக்கலாம். பெரிய நகைக்கடைகள் வெளிப் பட்டறைகளில் செய்வித்து விற்றன. செய்தவர் யார் என்பதற்கு விடை எப்போதும் சாய்சதுரத்துக்குள்தான்.

சின்னம் தெளியவில்லை என்றால் பழைய முறை ஒன்று உண்டு. மெழுகுவத்திச் சுடரின் நுனியில் ஒரு நொடி காட்டி முத்திரை மேல் மெல்லிய கரி படியவிடுங்கள். ஆறியதும் ஒளிபுகும் ஒட்டுநாடாவை மேலே அழுத்தி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். மேடான இடம் கறுப்பாகவும் பள்ளம் வெள்ளையாகவும் பதியும். கரியைச் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடலாம். கத்திப் பிடிகளில் இதைச் செய்யாதீர்கள். அவை மெல்லிய வெள்ளித் தகட்டுக்குள் பிசின் நிரப்பியவை. சூடு பட்டால் பிசின் இளகிப் பிடி பிளக்கும். அதே காரணத்தால் கத்தியின் மொத்த எடையை வெள்ளிக் கணக்கில் சேர்க்கவும் கூடாது.

பிரெஞ்சு என்று தோன்றும், ஆனால் இல்லை

அன்னப்பறவைக்கு வருவோம். 1893 முதல் வெளிநாட்டிலிருந்து வந்த வெள்ளிக்கும், எங்கே செய்தது என்று தெரியாமல் ஏலத்துக்கு வந்த வெள்ளிக்கும் பிரான்சில் அடித்த முத்திரை இது. கூன்வண்டு உருவமும் இறக்குமதிக்கே. ஒரு ஜெர்மன் கிண்ணத்தில் அன்னம் இருப்பதைக் கண்டு ‘பிரெஞ்சு வெள்ளி, அன்ன முத்திரை’ என்று விற்பவர்கள் ஏராளம். அந்த முத்திரை சொல்வது, ஒரு காலத்தில் பிரான்சுக்குள் விற்பனைக்கு வந்தது, குறைந்தது 800 மாற்று, அவ்வளவே. எதிர்த்திசையில் மெர்குரி தேவனின் தலை: 1879 முதல் ஏற்றுமதிக்கு. இது அசல் பிரெஞ்சு வேலை. மினெர்வா இல்லையே என்று ஒதுக்க வேண்டாம்.

நெதர்லாந்திலும் மினெர்வா தலை உண்டு. தலைக்கவசத்துக்குள் ஓர் எழுத்து இருக்கும். பக்கத்திலேயே சிங்கமும் நிற்கும். சிங்கத்தைக் கண்டால் அது டச்சு. ஆஸ்திரியாவின் டயானா தலையும் தேய்ந்தால் மினெர்வா போலவே மயக்கும்.

84 என்ற எண் தனிக் கதை. ரஷ்ய வெள்ளியில் 84 என்பது மாற்று. பிரெஞ்சுக் கரண்டியில் 84 இருந்தால் அது முலாம்: ஒரு டஜன் கரண்டி, ஒரு டஜன் முள்கரண்டி ஆக இருபத்துநான்கு உருப்படிகளுக்கும் சேர்த்து 84 கிராம் வெள்ளி படியவைத்திருக்கிறார்கள் என்று பொருள். சார்ல் கிறிஸ்தோஃபிள் 1842-இல் மின்முலாம் காப்புரிமைகளைப் பெற்ற பிறகு அந்தத் தொழில் பெரிதாக வளர்ந்தது. இந்த எண்ணோடு மிக அதிகம் கிடைப்பவையும் அவர் நிறுவனத்தின் உருப்படிகளே. எர்குயி நிறுவனத்தின் சின்னம் பாதி மனிதன், பாதி குதிரை. ‘ரூல்ஸ்’, ‘அல்ஃபெனிட்’ என்ற சொற்களும் முலாம் பொருளையே குறிக்கும். நன்கு செய்த முலாம் உருப்படிகள் அழகானவை, தலைமுறைகள் உழைப்பவை. வெள்ளி விலை கொடுக்காதவரை அவற்றை வாங்குவதில் ஒரு தவறும் இல்லை.

சந்தேகம் தீர அடர்த்தி பாருங்கள். காற்றில் எடை போடுங்கள். பிறகு நூலில் கட்டி நீரில் முழுவதும் மூழ்கத் தொங்கவிட்டு எடை போடுங்கள். காற்றெடையை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். 72.8 கிராம் கரண்டி நீரில் 65.8 காட்டினால் வித்தியாசம் 7, வகுத்தால் 10.4. செம்பு கலந்த 950 வெள்ளிக்கு இதுதான் வரும். 800 என்றால் 10.1-ஐ ஒட்டி. முலாமுக்கு அடியில் பித்தளையோ நிக்கல் கலவையோ இருந்தால் 9-க்குக் கீழே இறங்கிவிடும். குமிழிகள் ஒட்டியிருந்தால் கணக்கு பிசகும்; விரலால் தட்டி விடுங்கள். உள்ளே வெற்றிடமோ பிசினோ உள்ள பொருளுக்கு இந்த முறை பயன்படாது.

இடம்மாறிய முத்திரைகள்

புது முத்திரையைச் செதுக்குவதைவிட, உடைந்த பழைய கரண்டியில் இருந்து அசல் முத்திரையை வெட்டி எடுத்து, பெரிய குடுவையின் அடியில் பற்றவைப்பது எளிது. முத்திரை அசல், குடுவை போலி. லூப்பில் முத்திரையை எவ்வளவு நேரம் பார்த்தாலும் தவறு தெரியாது. முத்திரையைச் சுற்றியுள்ள உலோகத்தைப் பார்க்க வேண்டும். குளிர்ந்த வெள்ளி மேல் வாயால் ஊதினால் ஆவி படிந்து விலகும். அப்போது பற்றவைத்த கோடு ஒரு கணம் வேறு நிறமாக எழும்பும். நான்கு முத்திரைகளும் ஒரு கரண்டிக் காம்பின் அகலத்துக்குள் வரிசையாக நெருங்கி நின்றால், அவை கரண்டியிலிருந்து வந்தவை. குடுவையில் அவை அடிப்பாகத்தில் பரவலாக விழுந்திருக்கும். மூடியிலும் தனியாக முத்திரை இருக்க வேண்டும்.

வார்ப்புப் போலியில் முத்திரையும் பொருளோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். ஓரங்கள் மழுங்கியிருக்கும், பள்ளத்தில் ஊசிமுனைத் துளைகள் தெரியும். இரண்டு மெழுகுவத்தித் தாங்கிகளில் முத்திரைகள் ஒரே கோணத்தில், ஒரே இடைவெளியில், ஒரே கீறலோடு இருந்தால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. கையால் அடித்த முத்திரைகள் அப்படி ஒருபோதும் ஒத்துப்போகாது.

உரு மாற்றிய பொருள்களுக்கு எடை உதவும். பதினெட்டாம் நூற்றாண்டுப் பாத்திரங்களின் அடியில் எடையை மார்க், ஓன்ஸ், க்ரோ கணக்கில் கீறியிருப்பார்கள். ஒரு மார்க் 244.75 கிராம்; எட்டு ஓன்ஸ் ஒரு மார்க், எட்டு க்ரோ ஒரு ஓன்ஸ். 3 மார்க் 5 ஓன்ஸ் 2 க்ரோ என்றிருந்தால் ஏறக்குறைய 895 கிராம். இன்று 885 இருந்தால் அது இரண்டு நூற்றாண்டு மெருகின் தேய்மானம். 800 என்றால் காலோ கைப்பிடியோ போயிருக்கிறது. 950 என்றால் யாரோ மூக்கோ மூடியோ சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சேர்த்த பகுதியில் முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள்.

வாங்கிய பொருளை மெருகுக் கடைக்கு அனுப்பும் முன் எல்லா முத்திரைகளையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து, எந்தப் பாகத்தில் எது இருந்தது என்று குறித்துவையுங்கள். சுழலும் பஞ்சுச் சக்கரம் கருமையை எடுப்பதோடு நிற்காது. ஒவ்வொரு முறையும் உலோகத்தின் மேல்தோலையும் கொண்டுபோகும். ஏற்கெனவே மங்கிய ஆண்டெழுத்து ஒரே மெருகில் வழவழப்பான புள்ளியாகிவிடும். கையால், மென்துணியில், முத்திரை உள்ள இடத்தை விட்டுவிட்டுத் துடைப்பதே போதும்.